காஞ்சிபுரம் டிராம்வே

டிராம் என்றவுடன் நகரத் தெருவில் குதிரையேனும் மின்சாரமேனும் இழுத்துச் செல்லும் வண்டியே நினைவிற்கு வரும். கல்கத்தாவில் 1873 பிப்ரவரி 24இல் சியால்டாவினின்று ஓடத் தொடங்கிய குதிரை டிராம், போதிய ஆதரவின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றது. பம்பாயில் 1874 மே 9இல் தொடங்கியது நிலைத்தது. சென்னையில் மின்சார டிராம் 1895 முதல் 1953 வரை ஓடிற்று. இவற்றிற்கெல்லாம் முன்னரே, 1865இல், தொண்டை நாட்டில் டிராம்வே என்னும் பெயருடன் ஒரு பாதை இயங்கியது. அதனை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1856 ஜூலை முதல் நாளில் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை புகைவண்டிப் பாதை திறக்கப்பெற்றது. அது அரக்கோணம் வழியே சென்றமையால், கோயிலும் தறியும் மிக்க காஞ்சி மாநகர் ஒதுங்கி நின்றது. பின்னர் இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்தையும் காஞ்சிபுரத்தையும் இணைத்து ஏறத்தாழ 19 மைல் பாதை அமைத்தது. முதன்மைப் பாதையின் அகலம் ஐந்தரை அடி. இதன் அகலமோ மூன்றரை அடியே. இதனை இயக்கியது குதிரையன்று, நீராவி எஞ்சின்.

அங்ஙனமாயின் டிராம்வே என்ற பெயர் பிழையோ எனின், அன்று. பிரித்தானியச் சுரங்கங்களில் நிலக்கரி வண்டிகளுக்கென இட்ட எளிய தடமே முதலில் இப்பெயர் பெற்றது. வேல்சு நாட்டு ஆய்ஸ்டர்மவுத் பாதையில் 1807இல் பயணிகளை இழுத்தது குதிரையே எனினும், சொல் குறித்தது தடத்தையேயன்றி விலங்கையன்று. எனவே காஞ்சிப் பாதைக்கு இப்பெயர் குறைந்த செலவில் அமைந்த சிறு பாதை என்னும் பொருளில் வந்ததெனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஆயின் அச்சிக்கனமே இடர்ப்பாடும் ஆயிற்று. அகலம் வேறுபட்டமையால் ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. சரக்கை அரக்கோணத்தில் இறக்கி ஏற்றல் வேண்டும். கம்பெனி பின்னர்க் கர்நாடிக் இரயில்வே எனப் பெயர் மாறி, 1874இல் கிரேட் சதர்ன் ஆப் இந்தியா இரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. 1878இல் பாதை மீட்டர் அகலமாக்கப்பட்டது. 1881இல் வாலாஜாபாத் வழியே செங்கற்பட்டை அடைந்தது. இன்று அது முதன்மைப் பாதையைப் போன்றே அகலப்பாதை.

டிராம்வே என்னும் பெயர் அப்பாதையினின்று மறைந்தது, தடம் மறையவில்லை. வல்லம் வடகாலை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளின் கார்கள் இன்று வாலாஜாபாத் நிலையத்தில் சரக்கு வண்டி ஏறுகின்றன. குதிரை உண்டா எனப் பார்த்து டிராம் வரலாறு எழுதுவோர் இத்தடத்தைக் காணத் தவறுவர். சொல்லின் பழம்பொருளை அறிந்தே அச்சொல் தாங்கிய பொருளின் வரலாற்றை எழுதப் புகுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.