திடலை மீட்கத் தேர்தலில் நின்ற ரசிகர்கள்



வார இறுதி இரவுகளில் கண்விழித்து இங்கிலாந்துக் காற்பந்து ஆட்டங்களைப் பார்ப்பவர்கள் நம்மில் ஏராளம். யார் கோல் அடித்தார், எந்த ஆட்டக்காரர் எவ்வளவு விலைக்குப் போனார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால், ஒரு காற்பந்துக் குழு உண்மையில் யாருக்குச் சொந்தம்? பணம் போட்ட முதலாளிக்கா, தலைமுறை தலைமுறையாகக் கைதட்டிய ரசிகனுக்கா? இந்தக் கேள்வியோடு தேர்தல் களத்திலேயே இறங்கிய ஒரு கூட்டத்தின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

தென்கிழக்கு லண்டனைச் சேர்ந்த சார்ல்டன் அத்லெட்டிக் குழு 1905ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பாழாய்க் கிடந்த ஒரு சுண்ணாம்புக் குழியைத் தொண்டர்கள் வெட்டிச் சீர்ப்படுத்தித் தர, 1919இல் 'தி வேலி' என்ற திடல் உருவானது. 1938இல் ஆஸ்டன் வில்லாவுடன் நடந்த ஆட்டத்தைக் காண அங்கே 75,031 பேர் திரண்டார்கள். 1947இல் எஃப்.ஏ. கிண்ணமும் சார்ல்டனுக்குக் கிடைத்தது.

பிறகு வந்தது சோதனை. 1984இல் குழு கடனில் மூழ்கிக் கலைந்துபோகும் நிலைக்கு வந்தது. புதிய முதலாளிகள் குழுவை வாங்கிக் காப்பாற்றினார்கள். ஆனால், திடல் பழைய உரிமையாளரிடமே தங்கிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டு திடலில் ஏற்பட்ட தீ விபத்தில் 56 பேர் மாண்டார்கள். அதன்பின் பாதுகாப்புக் கெடுபிடிகள் அதிகரித்தன. வேலியின் கிழக்குப் பகுதி மூடப்பட்டது. நில உரிமையாளருடன் தகராறும் சேர்ந்துகொண்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி ஆட்டம் பார்க்க வந்த ரசிகர்களின் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுக்கப்பட்டது. இனி நம் குழு கிரிஸ்டல் பேலஸ் குழுவின் செல்ஹர்ஸ்ட் பார்க் திடலில் ஆடும் என்றது அது. பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், வேறொருவர் வீட்டில் குடித்தனம்! ரசிகர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செப்டம்பர் 21இல் ஸ்டோக் சிட்டியுடன் நடந்த கடைசி ஆட்டத்தின்போது ரசிகர்கள் திடலுக்குள் இறங்கி எதிர்ப்பைக் காட்டினார்கள். பலன் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த இரவல் திடலில் ஆடித்தான் சார்ல்டன் 1986இல் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 29 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பெருமை அது. இருந்தும் ரசிகர்கள் வேலியை மறக்கவில்லை. 1988இல் தங்களுக்கென ஓர் இதழ் தொடங்கி, திரும்பிப் போவோம் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டு குழுவின் நிர்வாகமும் அவர்கள் பக்கம் வந்தது. புதர் மண்டிக் கிடந்த திடலை ரசிகர்களே சென்று துப்புரவு செய்தார்கள்.

கரை சேரும் நேரத்தில், 1990 ஜனவரியில், கிரீனிச் நகராண்மைக் கழகம் திடலைப் புதுப்பிக்கும் திட்டத்தை நிராகரித்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லெறியவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அது இப்போது முதலாளியிடம் இல்லை, நகராண்மைக் கழகத்திடம் இருந்தது. உடனே 'வேலி கட்சி' என்ற பெயரில் ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கி, மே மாத உள்ளாட்சித் தேர்தலில் குதித்தார்கள்!

ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால், அவர்கள் வாங்கிய வாக்குகள் 14,838. ஏறக்குறைய 11 விழுக்காடு. திட்டத்தை நிராகரித்த குழுவின் தலைவர் தம் இடத்தைப் பறிகொடுத்தார். நகராண்மைக் கழகத்துக்குச் செய்தி புரிந்தது. 1991இல் அனுமதி வந்தது. கட்டுமானப் பணத்துக்கு ரசிகர்களும் கை கொடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது. 1992 டிசம்பர் 5ஆம் தேதி, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, சார்ல்டன் சொந்தத் திடலில் போர்ட்ஸ்மத்தை 1-0 என்று வென்றது.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. சார்ல்டன் வெளியேறிய அதே செல்ஹர்ஸ்ட் பார்க்கிற்கு 1991இல் விம்பிள்டன் குழு குடிவந்தது. அதை 2003இல் முதலாளிகள் மில்டன் கீன்ஸ் நகருக்கே கொண்டு போய்விட்டார்கள். அனுமதி கிடைத்த 2002லேயே ரசிகர்கள் தங்களுக்கென ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய குழுவைத் தொடங்கி அடிமட்டத்திலிருந்து ஏறினார்கள். பழைய திடல் இருந்த பிளவ் லேன் சாலைக்கு அவர்கள் திரும்ப 2020 ஆனது.

சார்ல்டனின் கதையும் சுபம் போட்டு முடியவில்லை. பெல்ஜிய முதலாளி ரோலண்ட் டுஷாட்லேயை எதிர்த்து 2016இல் ரசிகர்கள் பிளாஸ்டிக் பன்றி பொம்மைகளைத் திடலுக்குள் வீசினார்கள். தங்கள் முதலாளிகளோடு மோதிக்கொண்டிருந்த கோவென்ட்ரி சிட்டி ரசிகர்களும் அன்று அவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள். 2020இல் டுஷாட்லே குழுவை விற்றார், திடலை விற்கவில்லை. 1984இல் நடந்த அதே பிரிவினை!

நேயர்களே, குழு ஒருவர் கையிலும் திடல் இன்னொருவர் கையிலும் இருந்தால் நடுவில் அல்லாடுபவன் ரசிகன்தான். அவனிடம் பத்திரம் இல்லை. ஆனால், வாக்கு இருக்கிறது, வலிமையான கைகள் இருக்கின்றன, விட்டுக்கொடுக்காத மனம் இருக்கிறது. கூச்சல் போடுவதோடு நின்றிருந்தால் வேலி இன்று வீடுகளாகியிருக்கலாம். யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம், கேட்க வேண்டிய முறையில் கேட்டதால்தான் அது திடலாகவே நிற்கிறது.