சட்டகத்துக்கு வெளியே நின்றவர்கள்

எங்களிடம் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. 2002ஆம் ஆண்டு இராமநாதபுரக் கடற்கரையில் எடுத்த படங்கள் அதனுள் உள்ளன. அப்போது நாங்கள் தமிழ் முதுகலை மாணவர்கள் மூவர். கையிலிருந்தவை இரவல் வாங்கிய படக்கருவி ஒன்றும், 36 படங்களுக்கான ஒரே ஒரு சுருளும்தான். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் மீதம் எத்தனை என்று எண்ணிக்கொண்டே நடந்தோம். அந்தப் பெட்டியிலிருந்து மூன்று படங்களை மட்டும் எடுத்து, அவற்றில் இடம்பெறாதவற்றைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம்.

முதற்படம் நாங்கள் எடுத்ததன்று. இராமேசுவரம் கோயிலுக்குள் படம் எடுக்க எங்களுக்கு அனுமதி கிட்டவில்லை. ஆகவே சந்நிதித் தெருக் கடையொன்றில் மூன்றாம் பிரகாரத்தின் படத்தை விலைக்கு வாங்கினோம். பழைய படமொன்றின் மறுபதிப்பு அது. தூண்கள் இருபுறமும் அணிவகுத்துச் சென்று தொலைவில் ஒரு புள்ளியில் மறைகின்றன. ஆள் நடமாட்டமே இல்லை. நாள்தோறும் பல்லாயிரவர் தீர்த்தமாடி ஈரத்துணியுடன் நடக்கும் பிரகாரம் எவ்வாறு இத்தனை வெறுமையாயிற்று என்று அன்று வியந்தோம். விடை பின்னர்தான் விளங்கியது.

19ஆம் நூற்றாண்டின் படக்கலை பொறுமையைக் கோருவது. 1858ஆம் ஆண்டு லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து மதுரையையும் தஞ்சையையும் காகித நெகடிவில் பதிவு செய்தார். வெளிச்சம் குறைந்த மண்டபங்களில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். அசையாத கல் தெளிவாகப் பதியும். நடந்து செல்பவர் புகைபோல் கலைந்துவிடுவார், அல்லது தடயமே இன்றி மறைந்துபோவார். பழைய படங்களில் நம் கோயில்கள் பாழடைந்த மாளிகைகள்போல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1876இல் வெளிவந்த தம் கட்டடக்கலை வரலாற்று நூலில் ஜேம்ஸ் பெர்குசன் இப்பிரகாரங்களின் மொத்த நீளத்தை ஏறத்தாழ 4000 அடி எனக் கணக்கிட்டு எழுதினார். மணலும் பவளப்பாறையும் அன்றிக் கருங்கல் இல்லாத தீவு இது. இத்தனை தூண்களுக்கும் வேண்டிய கல் கடல் கடந்து வந்தது. சேதுபதி மன்னர்களின் பெயர் நிலைத்தது. தோணியில் கல் ஏற்றி இறக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அசைந்தவர்கள் பதியவில்லை என்னும் விதி படக்கருவிக்கு மட்டுமன்று, வரலாற்றுக்கும் பொருந்துகிறது.

இரண்டாம் படம் பாம்பன். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் நின்று, கீழே ரயில் பாலத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியைப் பிடித்தோம். அன்று அது மீட்டர்கேஜ் பாதை. 2007இல்தான் அகலப்பாதை ஆயிற்று. காற்று எங்களைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. ஒருவர் படம் எடுக்க, மற்ற இருவரும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் படம் சற்றே சாய்ந்திருக்கிறது.

அந்த இரும்புப் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இதைக் கடந்து தனுஷ்கோடிக்குச் சென்று, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயலில் பாலத்தின் 126 கண்களின் இரும்புத் தூலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. இளம் பொறியாளராயிருந்த இ. ஸ்ரீதரனிடம் சீரமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த தூலங்களைத் தேடி எடுத்து, 46 நாட்களில் அவர் மீண்டும் பொருத்தினார். அவர் பெயரை நாடறியும். இடுப்பளவு நீரிலும் நடுக்கடலிலும் கயிறு கட்டி இரும்பைத் தூக்கிய கலாசிகளை யாரும் அறியார். 2022 டிசம்பரில் இப்பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. எங்கள் சாய்ந்த படத்திலுள்ள காட்சியை இனி யாரும் எடுக்க இயலாது.

மூன்றாம் படத்துக்காகத்தான் இக்கட்டுரை.

தனுஷ்கோடிக்கு அன்று சாலை கிடையாது. முகுந்தராயர் சத்திரம்வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து மீன் ஏற்ற வந்த வண்டியொன்றில் தொற்றிக்கொண்டு மணலில் குலுங்கிச் சென்றோம். ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எனச் சகலமும் இருந்த துறைமுக ஊர் அது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், ஊரை நெருங்குகையில் சிக்னல் கிடைக்காமல் நின்றது என்றும், பின்னர் ஓட்டுநர் ஊதிக்கொண்டே இருளில் வண்டியைச் செலுத்தினார் என்றும் சொல்வர். எழுந்து வந்த அலை வண்டியை மூடியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மாண்டோர் ஏறத்தாழ 1800 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்பின் அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுருளில் நான்கு படங்களே மிஞ்சியிருந்தன. பவளப்பாறைக் கற்களால் கட்டிய, கூரையற்ற மாதா கோயிலின் முன்னால் மூன்றைச் செலவிட்டோம். கடைசிப் படத்தை அரிச்சல்முனையின் அந்திக்கென ஒதுக்கி வைத்தோம். அப்போது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை அழைத்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும்.

“தம்பிகளா, வர்றவுக எல்லாரும் அந்த இடிஞ்ச கோயிலத்தான் எடுக்குறாக. எங்க வீட்ட ஒரு படம் எடுங்க.”

“வீடு எங்கே ஐயா?”

அவர் எழுந்து நடந்தார். வெறும் மணற்பரப்பில் ஓரிடத்தில் நின்றார். “இங்கினதான். அடுப்படி அந்தப் பக்கம். ஆத்தாவும் ரெண்டு தங்கச்சிகளும் உள்ள இருந்தாக. நான் ராமேசுரத்துக்குப் போயிருந்தேன்.”

அம்மாவின் படம் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்றார். இருந்த ஒரே படம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. அது சுவரோடு போயிற்று. எங்களுக்குள் ஒரு கணம் தயக்கம் நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. அரிச்சல்முனை அந்தியை இழக்க மனமில்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கைகளை உடலோடு ஒட்டி, விறைப்பாக நின்றுவிட்டார். எடுத்தோம். அனுப்பி வைப்பதாக வாக்களித்து, அவர் சொன்ன விலாசத்தைக் குறித்துக்கொண்டோம்.

அனுப்பவில்லை. தேர்வு வந்தது; விலாசம் எழுதிய தாள் தொலைந்தது; பிறகு வேலை, குடும்பம். படம் மட்டும் தகரப்பெட்டியில் தங்கிவிட்டது.

2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அழைத்துச் சென்றபோது அந்தப் படத்தையும் எடுத்துச் சென்றோம். சிப்பிப் பொருள் விற்கும் கடைகளில் காட்டி விசாரித்தோம். மூன்றாவது கடையிலிருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அவர் அந்தப் பெரியவரின் மகள். தந்தை இறந்து ஆறாண்டுகள் ஆயின என்றார். “படம் வரும் வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக” என்றார். அச்சொல்லில் கடிந்துகொள்ளும் தொனி இல்லை. அதுவே எங்களைத் தலைகுனிய வைத்தது. படத்தை அவரிடமே கொடுத்தோம். பெட்டியில் இப்போது இருப்பது அதன் நகல்.

படத்தைப் பார்த்த எங்கள் மாணவி ஒருத்தி, “பின்னணியில் ஒன்றுமே இல்லையே, எதற்காக இங்கே நிறுத்தி எடுத்தீர்கள்?” என்று கேட்டாள். பார்ப்பவருக்கு அது மணலும் வானமும்தான். நின்றவருக்கோ அது வீடு. அவர் தம்மைப் படம் எடுக்கச் சொல்லவில்லை. தம் தாய் இருந்த இடத்தைப் பதியச் சொன்னார். தாம் நின்றால்தான் அது இடம் என்று பிறருக்குத் தெரியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று தனுஷ்கோடியில் ஒரு நாளில் எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் மாதா கோயிலின் அதே சுவரே நிற்கிறது. அங்கே செல்லும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இவ்வளவே: யாரேனும் உங்களை அழைத்து வெறும் மணலைக் காட்டினால், அதையும் எடுங்கள். கொடுத்த வாக்குப்படி அந்தப் படத்தை அனுப்பியும் வையுங்கள்.