நாணயத்தின் வயதைச் சொல்லும் அச்சு

ஒரு நாணயம் எப்போது அடிக்கப்பட்டது என்று கேட்டால், அதில் பொறித்துள்ள ஆண்டைப் படித்து விடை சொல்லிவிடுவோம். அந்த ஆண்டு உண்மைதானா என்று நாம் ஐயுறுவதில்லை. ஆனால் 1804 என்று பொறித்த அமெரிக்க வெள்ளி டாலர்களாக இன்று அறியப்பட்டுள்ளவற்றில் ஒன்றுகூட அந்த ஆண்டில் அடிக்கப்பட்டதன்று. இதை எவ்வாறு கண்டறிந்தனர்?

முதலில் நாணயம் அடிக்கும் முறையைப் பார்ப்போம். பிலடெல்பியா நாணயச் சாலை 1794-இல் வெள்ளி டாலர்களை அடிக்கத் தொடங்கியது. இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே வெள்ளி வில்லையை வைத்துப் பொறியால் அழுத்தினர். அச்சில் எழுத்துகளையும் எண்களையும் விண்மீன்களையும் ஒவ்வொன்றாகக் கையால் அடித்துப் பதித்தனர். ஆகவே ஓர் அச்சைப்போல் மற்றோர் அச்சு அமையவில்லை. ஒன்றில் விண்மீன் எழுத்தை ஒட்டி நிற்கும். மற்றொன்றில் சற்று விலகியிருக்கும். இத்தகைய வேறுபாடுகளைக் கொண்டே ஒரு நாணயம் எந்த அச்சில் பிறந்தது என்று கூறுகின்றனர்.

அச்சுக்கும் முதுமை உண்டு. பலமுறை அடிபட்ட எஃகில் விரிசல் விழும். வெள்ளி அந்த விரிசலுக்குள் புகுவதால், நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரியும். நாணயத்தின்மேல் பிற்காலத்தில் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். விரிசல் வளருமேயன்றித் தானாக மறையாது. எனவே ஒரே அச்சின் இரு நாணயங்களுள், விரிசல் மிகுதியாக வளர்ந்திருப்பதே பின்னால் அடிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

இனி 1804 டாலருக்கு வருவோம். அவ்வாண்டில் 19,570 டாலர்கள் அடித்ததாகப் பதிவேடு கூறுகிறது. ஆனால் அவை முந்திய ஆண்டின் எண்ணைத் தாங்கிய பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டவை. பிறகு டாலர் அடிப்பது நின்றுபோயிற்று. 1834-இல் சயாம் மன்னர், மஸ்கட் சுல்தான் முதலியோருக்குப் பரிசளிப்பதற்காக நாணயத் தொகுதிகள் தேவைப்பட்டன. டாலர் அடித்த கடைசி ஆண்டு 1804 என்று பதிவேட்டில் இருந்தமையால், அந்த எண்ணைப் பொறித்துப் புதிய அச்சு செய்தனர்.

இதற்குச் சான்று நாணயத்திலேயே உள்ளது. பழைய டாலர்களின் ஓரத்தில் பற்கள் போன்ற கோடுகள் இருக்கும். இவற்றில் மணிகள் உள்ளன. விளிம்பில் முன்பே பதித்த எழுத்துகளும் நசுங்கியிருக்கின்றன. வில்லையைச் சுற்றி இறுக்கமான எஃகு வளையம் இருந்ததே காரணம். அழுத்தத்தால் பக்கவாட்டில் விரிந்த வெள்ளி, வளையத்தில் மோதி நசுங்கியது. இவ்வகை வளையத்தை அந்த நாணயச் சாலை 1828-இல்தான் பயன்படுத்தத் தொடங்கியது!

இந்த டாலர்கள் அனைத்தின் முன்புறமும் ஒரே அச்சில் பிறந்தவை. பின்புறத்துக்கு மட்டும் இரண்டு அச்சுகள் பயன்பட்டன. மேகங்களுக்கு மேலுள்ள எழுத்துகளின் இடம் அவற்றில் மாறுபடுகிறது. எட்டு நாணயங்கள் முதல் அச்சைச் சேர்ந்தவை. மற்றவை இரண்டாம் அச்சைச் சேர்ந்தவை. அந்த மற்றவற்றில் ஒன்று, 1857-ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்து வெள்ளி நாணயத்தின்மீதே அடிக்கப்பட்டது. பழைய உருவத்தின் சுவடு இன்னும் தெரிகிறது. 1857-இன் நாணயத்தின்மேல் 1804-இல் எப்படி அடித்திருக்க முடியும்?

எரிக் நியூமன், கென்னத் பிரெசெட் ஆகிய இருவரும் 1962-இல் இச்சான்றுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். முதல் எட்டும் உண்மையான 1804 நாணயங்களே என்று நெடுங்காலம் பலர் நம்பிவந்தனர். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தவை நான்கு இலக்கங்கள் மட்டுமே.

உங்களிடம் பழைய நாணயம் இருந்தால், உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். ஆண்டைப் படிப்பதற்கு முன், மேடான கோடு ஏதேனும் ஓடுகிறதா என்று தேடுங்கள்.