பரிவலுவிலிருந்து எண்ணெய்த் தொன் வரை

ஒரு நாட்டின் சக்திக் கணக்கை விரித்துப் பார்க்கும் வாசகர் முதற் பக்கத்திலேயே திகைத்து நிற்பார். மலையிலிருந்து விழும் நீரும், கப்பலில் வந்திறங்கும் மசகு எண்ணெயும், தோட்டத்துப் பெண் தலையிற் சுமந்து வரும் விறகும் அங்கே 'எண்ணெய்ச் சமானத் தொன்' என்னும் ஒரே பெயரில் நிரல்பட நிற்கின்றன. நீர் எவ்வாறு எண்ணெயாயிற்று? விறகை நிறுத்தவர் யார்? இவ்வினாக்களை எழுப்பாது எண்களை மாத்திரம் மனனஞ் செய்யும் பழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியுள்ளது. அளவைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு; அது மனித உழைப்பின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது என்பதே நாம் இங்கு கூற விழைவது.

ஜேம்ஸ் வாற்றும் அவருடைய கூட்டாளி போல்ற்றனும் நீராவி இயந்திரத்தைச் சுரங்க முதலாளிகளுக்கு அளித்தபோது, பழைய இயந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகக் கேட்டனர். ஆனால், குதிரைகளைப் பூட்டிச் செக்கும் ஆலையும் சுழற்றியவரிடம் மிச்சமாகும் நிலக்கரியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த அளவுகோல் குதிரையே. எனவே 1780களில், நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலையை ஒரு பரிவலு என வாற் வகுத்தார். பரிவலு ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு எனக் கட்டணமும் அறவிடப்பட்டது. அறிவியல் மண்டபத்தில் இடம் பெறுமுன் இவ்வளவை வியாபார ஒப்பந்தத்தில் இடம் பெற்றது.

வெப்பமும் வேலையும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பதை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் யூல். சல்போர்ட் நகரத்து மதுவடிசாலைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், விழுகின்ற எடையினாற் சுழலும் துடுப்பைக் கொண்டு நீரைக் கலக்கி, அதன் வெப்பநிலை சிறிதே உயர்வதைப் பொறுமையோடு அளந்தார். ஓர் இறாத்தல் நீரை ஒரு பாரன்ஹைற் பாகை சூடாக்க 772 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என 1850இல் அவர் வெளியிட்ட முடிவு, நிலக்கரியையும் குதிரையையும் நீர்வீழ்ச்சியையும் ஒரே தராசில் நிறுக்க வழி செய்தது. 1960இல் வகுக்கப்பட்ட சர்வதேச அலகு முறையில் சக்தியின் அலகுக்கு அவர் பெயரே நிலைத்தது. நம் மின்கட்டணச் சீட்டில் 'ஓர் அலகு' எனக் குறிக்கப்படும் கிலோவாற்று-மணி 36 இலட்சம் யூலாகும்.

யூல் இருக்க, எண்ணெய்த் தொன் எதற்கு? ஆட்சி செலுத்திய எரிபொருளே அளவுகோலாகவும் அமைந்தது என்பதே விடை. 1950களில் ஐக்கிய நாடுகள் சபை உலகத்தின் சக்தியை நிலக்கரிச் சமானத் தொன்னில் எண்ணியது; அதன் மதிப்பு 700 கோடி கலோரி. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், எண்ணெயை இறக்குமதி செய்யும் கைத்தொழில் நாடுகள் 1974இல் சர்வதேச சக்தி முகவரகத்தை நிறுவின. அதன் அட்டவணைகள் வாயிலாக 1,000 கோடி கலோரி கொண்ட எண்ணெய்ச் சமானத் தொன் உலகெங்கும் பரவியது.

யூல் இயற்கையை அளக்கும் அலகு. சமானமோ மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. இவ்வேறுபாட்டை ஓர் உதாரணத்தாற் காண்போம். பத்து இலட்சம் கிலோவாற்று-மணி நீர்மின்சாரத்தை அதன் சொந்த வெப்பப் பெறுமதியில் மாற்றினால் 86 எண்ணெய்த் தொன் கிடைக்கும். அதே மின்சாரத்தை எண்ணெய் எரித்துப் பெற்றால் எவ்வளவு எண்ணெய் வேண்டும் எனக் கேட்டு, வெப்பத்தில் நூற்றுக்கு 33 பங்கே மின்சாரமாகும் எனக் கொண்டால், விடை ஏறத்தாழ 260 தொன். முகவரகத்தின் வழக்கோ நீர்மின்சாரத்துக்கு முதல் முறையைக் கைக்கொண்டு, அணுமின்சாரத்துக்கு உலையின் வெப்பத்தை 33 சதவீத விகிதத்திற் கணிக்கிறது. ஆகவே சம அளவு மின்சாரத்தைத் தரும் இரு நிலையங்களுள் அணுமின் நிலையம் தேசியக் கணக்கில் மூன்று மடங்கு பெருத்துத் தோன்றுகிறது. இதிற் பொய் ஏதுமில்லை. எனினும் வழக்கை அறியாதவன் ஏமாறுவான்.

இனி விறகுக்கு வருவோம். சந்தையில் விலைபோகும் நிலக்கரியும் எண்ணெயும் 'வர்த்தக சக்தி' எனப் பெயர் பெற்றுக் கணக்கேறிய காலத்தில், ஏழை நாடுகளின் விறகும் சாணமும் பெரும்பாலும் கணக்குக்கு வெளியே நின்றன. விறகுத் தட்டுப்பாட்டை 'மற்றைய சக்தி நெருக்கடி' என எரிக் எக்ஹோம் 1975இல் சுட்டிக் காட்ட வேண்டியிருந்தது. இன்று இலங்கையின் சக்திக் கணக்கில் 'உயிர்த்திணிவு' என்ற தலைப்பில் விறகும் இடம் பெறுகிறது. ஆயினும் அதனை வெட்டிச் சுமந்த பெண்ணின் உழைப்பை எந்த நிரலிலும் காணோம். அதுமட்டுமன்று. விறகு அதன் முழு வெப்பத்தாற் கணிக்கப்படுகிறது. மூன்று கல் அடுப்பிலோ அவ்வெப்பத்திற் பெரும்பகுதி வீணாகிறது. எனவே ஒரே சோற்றை எரிவாயுவில் ஆக்குபவளைவிட விறகில் ஆக்குபவளே கணக்கில் அதிக சக்தியை 'நுகர்ந்தவள்' ஆகிறாள்!

தலைக்கு இவ்வளவு எனும் சராசரியும் இத்தகையதே. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் கனவு, 1950இல் லக்ஸபானவில் நனவாயிற்று. அம்மின்சாரம் மலைகளைக் கடந்து கொழும்பை ஒளிரச் செய்தது. அம்மலைநாட்டின் தேயிலைத் தோட்டத்து லயங்கள் பலவோ அதன் பின்னும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலேயே கிடந்தன. சராசரி, இருவர் பங்கையும் கூட்டிச் சமமாகப் பிரித்துக் காட்டியது. வாழ்வில் அது பிரிபடவில்லை.

இதனாற் புள்ளிவிபரங்களை வெறுத்தொதுக்குவது அறிவுடைமையாகாது. எண்ணிக்கையின்றித் திட்டமில்லை; திட்டமின்றி மக்களின் வறுமையைப் போக்குவதும் இயலாது. நாம் வேண்டுவது எண்களைப் படிக்கும் திறன். எந்த அட்டவணையைக் கையில் எடுத்தாலும் மூன்று வினாக்களை எழுப்ப நம் மாணவரைப் பழக்குவோம்: எந்த அலகால் அளந்தனர்? எந்த வழக்கால் மாற்றினர்? எவருடைய உழைப்பை எண்ணாது விட்டனர்? மூன்றாவது வினாவுக்கு விடை, அட்டவணையின் அடிக்குறிப்பிற் கிடைக்காது. விறகுக்கட்டோடு மலையிறங்கி வருபவளிடமே அதனைக் கேட்டறிதல் வேண்டும்.