தோட்டம் கலைந்தபின் பீடோர்

ஒரு சமூகத்தில் எது தகும், எது தகாது என்று உணர்த்திவந்த பொது நெறிகள் தளர்ந்து, அவற்றின் இடத்தில் புதியவை உருவாகாத நிலையைச் சமூகவியலார் நெறியின்மை என்பர். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம், 1897இல் வெளியான தற்கொலை பற்றிய ஆய்வில், வறுமையைக் காட்டிலும் வாழ்க்கை திடீரெனப் புரண்டுபோவதே மனிதரை இந்நிலைக்குத் தள்ளுகிறது என்று வாதிட்டார். மலேசியாவின் பேரா மாநிலத்தின் தெற்கே பீடோர், தாப்பா வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தமிழரின் வரலாறு அவ்வாதத்துக்கு வலுவான சான்றாகும்.

தோட்டத்து ஒழுங்கு நீதியான ஒழுங்கன்று. தன் ஊராரையும் உறவினரையும் தமிழகத்திலிருந்து திரட்டி வந்த கங்காணி, அவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றார். விடியுமுன் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பில் பெயர் கொடுத்தது முதல் ரப்பர்ப் பால் நிறுத்தது வரை கிராணி எனும் தோட்ட எழுத்தரின் கணக்கே செல்லுபடியாயிற்று. கூலியில் ஒரு பகுதி கள்ளுக்கடைக்குத் திரும்பிச் சென்றது. எனினும் லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாழ்க்கைக்கு அடிப்படையான ஒரு நெறி இருந்தது. திருமணம், துக்கம், மாரியம்மன் திருவிழா, தீமிதி ஆகிய எல்லாவற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் கடமையும் உண்டு. பிறழ்ந்தவரைக் கேட்கப் பெரியவர்கள் இருந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தபின், தமிழ்ப்பள்ளியும் அந்த ஒழுங்கின் தூணாயிற்று.

இந்த ஒழுங்கு பல அடிகளால் சிதைந்தது. ஜப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆண்களுள் பல்லாயிரவர் திரும்பவில்லை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் லயங்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. விடுதலையை ஒட்டி ஆங்கிலேயர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறு சேமிப்பைக்கொண்டே தோட்டம் வாங்கச் செய்தார். ஆனால் துண்டாடலின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க இயலவில்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் பலர் வேலை அனுமதிச் சீட்டின்றி உழைக்க முடியாமல் தமிழகம் திரும்பினர். பின்னர் ரப்பர் மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டன. லயத்து வீடு வேலையோடு கட்டுண்டிருந்ததால், வேலை போனபோது வீடும், கோயிலும், அண்டை அயலும் சேர்ந்தே பறிபோயின; இதுவே எல்லாவற்றிலும் கொடிய அடி.

இவ்வாறு தோட்டத்தை விட்டு இடம்பெயர்ந்து நகர்ப்புறப் புறம்போக்குக் குடிசைகளிலும் அடுக்குமாடிகளிலும் வளர்ந்த இளைஞர், பணமும் பெயரும் எட்டவேண்டிய இலக்கு என்று கற்றனர்; அவற்றை எட்டும் நேர்வழி அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. இந்த இடைவெளியே குற்றத்தை விளைவிக்கிறது என்று அமெரிக்கச் சமூகவியலார் ராபர்ட் மெர்ட்டன் 1938இல் விளக்கியிருந்தார். குண்டர் கும்பல்களில் சேர்ந்தோரையும் குடியில் வீழ்ந்தோரையும் இனத்தின் இயல்பாகக் காட்டும் பேச்சு, இந்த வரலாற்றை மறைக்கும் அநீதியாகும். எஞ்சியுள்ள தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுரிமையும், அவர்களுடைய கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலப்பட்டாவும் உடனடியாக வழங்கப்பட வேண்டும்.