அடுத்த முறை யாருடையது?

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் இரவில் பரனூர் சுங்கச்சாவடியைக் கடப்பது பெரும்பாடு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து காசு கொடுத்துச் சில்லறை வாங்கும் நேரம் மிச்சம். ஆனால் டோல்கேட்டுக்காகப் பல வரிசைகளாக விரிந்த வண்டிகள், தாண்டியதும் மறுபடி ஜி.எஸ்.டி. சாலையின் சில தடங்களுக்குள் அடங்கியாக வேண்டும். கட்டணம் இல்லாத இரு சக்கர வண்டிகளும் ஓரமாக வந்து கலக்கின்றன. ஹாரனும் கண்ணாடி உரசலும் வாய்ச்சண்டையும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான்.

ஜெர்மனியின் ஆட்டோபானில் சாலைப் பணிக்காக ஒரு தடத்தை அடைத்தாலும் இதே நெருக்கடிதான். அதற்கு அங்கே சட்டத்திலேயே வழி சொல்லியிருக்கிறார்கள். சாலைப் போக்குவரத்து விதிகளின் 7-ஆம் பிரிவுப்படி, முடியப்போகும் தடத்தில் வருபவர் குறுகல் தொடங்கும் இடம்வரை அதிலேயே வரலாம். அங்கே பக்கத்துத் தடத்து வண்டிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அவர்களை உள்ளே விட வேண்டும், ஜிப்பின் பற்கள் சேர்வதுபோல. இன்னும் இத்தனை மீட்டர் கழித்துத்தான் சேர வேண்டும் என்று பலகையும் வைக்கிறார்கள்.

ஆக, இந்த முறையில் இரண்டு பாதி. கடைசிவரை எல்லாத் தடத்தையும் நிரப்புவது ஒன்று. முனையில் முறைவைத்து நுழைவது மற்றொன்று. ஜெர்மானியர்கள் தடுமாறுவது முதல் பாதியில். வரிசையில் முந்துகிறோமோ என்ற கூச்சத்தில் பலர் வெகுமுன்பே ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு தடம் காலியாகக் கிடக்க, இன்னொன்று நீண்டுகொண்டே போகிறது. காலித் தடத்தில் நேராக வருபவரைப் பார்த்து மற்றவர்கள் முறைக்கிறார்கள். சில லாரிக்காரர்கள் இரண்டு தடத்துக்கும் நடுவில் வண்டியைப் போட்டு மறிப்பதும் உண்டு. அது குற்றவியல் சட்டத்தின் 240-ஆம் பிரிவில் வழக்காகவே முடியலாம். அமெரிக்காவின் மினசோட்டாவிலும் இதே மனப்பான்மைதான். கடைசிவரை இரு தடத்தையும் பயன்படுத்தினால் வரிசையின் நீளம் 40 சதவீதம்வரை குறையும் என்று மாநிலப் போக்குவரத்துத் துறையே பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

சென்னைக்கு இந்தப் பாதியை யாரும் கற்றுத்தர வேண்டாம். பரனூரில் ஓர் அடி இடம் காலியாக நிற்காது. நம்மிடம் இல்லாதது இரண்டாம் பாதி. "ஒருத்தன விட்டா பின்னாடியே பத்து பேர் நுழைஞ்சிருவான்" என்று ஓட்டுநர்கள் சொல்வதைக் கெட்ட குணம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அனுபவத்தில் விளைந்த கணக்கு. ஜெர்மனியில் வழிவிடுபவர் இழப்பது ஒரே ஒரு வண்டியின் இடம். அடுத்தது தன் முறை என்பது அவருக்கு நிச்சயம். இங்கே விட்டுக்கொடுப்பதற்கு எல்லை கிடையாது. அதனால்தான் தாராள மனசுக்காரர்கூட முன் வண்டியின் பம்பரை ஒட்டியே நகர்கிறார். காத்திருப்பது யாருக்கும் அத்தனை எரிச்சல் தருவதில்லை. ஏமாந்துவிட்டோம் என்ற நினைப்புதான் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது.

ஆனாலும் நம் சாலையில் ஒரு வழக்கம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். இடப்பக்கம் போக வேண்டிய காரில், முன்சீட்டு அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை மெல்ல அசைக்கிறார். லாரி என்றால் க்ளீனர் பாதி உடம்பை வெளியே விட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம்" என்கிறார். இண்டிகேட்டரைக் கண்டுகொள்ளாதவர்கள் அந்தக் கைக்குப் பிரேக் போடுகிறார்கள். முகம் பார்த்துக் கேட்டால் மறுக்க மனம் வருவதில்லை. ஜெர்மனியில் இந்த முகம் பார்த்தலுக்கு அவசியமே இல்லை. கேட்கும் வேலையைச் சட்டம் செய்துவிடுகிறது.

இரண்டில் எது மேல் என்றால், ஜெர்மனியின் முறையைத்தான் சொல்வேன். கை நீட்டுவது வண்டிகள் ஊர்ந்து போகும்போது மட்டும் பலிக்கும். தனியாக ஓட்டுபவருக்கு அந்தப் பக்கம் கை ஏது?

ஜெர்மனியில் கார் உரிமம் கேட்பவர் தேர்வுக்கு முன் ஆட்டோபானில் மட்டும் 45 நிமிடப் பாடங்கள் நான்கை முடித்திருக்க வேண்டும். ஓடும் வரிசைக்குள் எப்படிச் சேர்வது என்பதைப் பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போதே பழகிவிடுகிறார்கள். இங்கே மைதானத்தில் எட்டு போட்டும் ரிவர்ஸ் எடுத்தும் காட்டியவருக்கு, நெரிசலில் ஒருமுறைகூடத் தடம் மாறிப் பழகாமலே லைசென்ஸ் கிடைத்துவிட முடிகிறது. முதல் பாடத்தை அவர் பரனூரில், பண்டிகை இரவில் படிக்கிறார்.