வீட்டுவசதிக் கூட்டுறவு இணையம்

வீட்டுவசதிக் கூட்டுறவு இணையம் என்பது நடுத்தர வருவாய்ப் பிரிவினரும் குறைந்த வருவாய்ப் பிரிவினரும் சொந்த வீடு பெறுவதற்காக அமைத்துக்கொண்ட தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கும் தலைமை அமைப்பு ஆகும். கூட்டுறவுத் துறையில் இணையம் என்னும் சொல் கூட்டமைப்பைக் குறிக்கும். கணினி வலையமைப்பைக் குறிக்காது. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்வது 1959 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு கூட்டுறவு வீட்டுவசதி இணையம் ஆகும். மாநில இணையங்களுக்கு மேல் இந்திய அளவில் தேசியக் கூட்டுறவு வீட்டுவசதி இணையம் 1969 முதல் புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது.

தோற்றம்

இந்தியாவில் 1904 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே அனுமதித்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டமே பிற நோக்கங்களுக்கான சங்கங்களுக்கும், சங்கங்கள் கூடி அமைக்கும் இணையங்களுக்கும் இடமளித்தது. ஆயினும் சமஸ்தானங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருந்தமையால், 1909 இல் பெங்களூரில் தோன்றிய கட்டடக் கூட்டுறவுச் சங்கமே நாட்டின் முதல் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. சென்னை மாகாணத்தில் 1932 ஆம் ஆண்டிலும், பின்னர் 1961, 1983 ஆம் ஆண்டுகளிலும் தனிக் கூட்டுறவுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றுள் இறுதியானது 1988 இல் நடைமுறைக்கு வந்தது.

மாதச் சம்பளம் பெறுவோரே இச்சங்கங்களால் முதலில் பயனடைந்தனர். தவணையைச் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய இயலும் என்பது இதற்கு ஒரு காரணம். அக்கால வீட்டு மனைப் பிரிவுகளில் வாழ்ந்தோர் யார் என்பதை ஊர்ப்பெயர்களே சில இடங்களில் காட்டுகின்றன. திருநெல்வேலியில் பெருமாள்புரத்தை ஒட்டியுள்ள என்.ஜி.ஓ. காலனி அத்தகையது. இப்பெயர் தொண்டு நிறுவனத்தைக் குறிப்பதாக இன்று பலர் எண்ணுவர். உண்மையில் அரசிதழ்ப் பதிவு பெறாத அலுவலர்களைக் குறித்த ஆங்கில முதலெழுத்துகளே அவை.

அமைப்பும் கடன் வழியும்

ஒரு வட்டத்திலோ நகரத்திலோ உள்ள சிறிய சங்கத்தை நம்பிப் பெரிய நிதி நிறுவனம் நீண்ட காலக் கடன் வழங்குவதில்லை. இக்குறையை நீக்குவதே இணையத்தின் முதன்மையான பணியாக இருந்தது. இணையம் ஆயுள் காப்பீட்டுக் கழகம், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் (ஹட்கோ) முதலியவற்றிடமிருந்து மாநில அரசின் பொறுப்புறுதியுடன் கடன் பெறும். அதனைத் தொடக்கச் சங்கங்களுக்கு வழங்கும். சங்கங்கள் உறுப்பினர்களுக்கு வழங்கும். உறுப்பினர் தமது மனையையும் வீட்டையும் சங்கத்திற்கு அடமானம் வைப்பார். சங்கம் அந்த அடமான உரிமையை இணையத்திற்கு மாற்றிக் கொடுக்கும். பணம் மேலிருந்து கீழே வரும். பத்திரம் கீழிருந்து மேலே செல்லும்.

இம்முறையின் பலவீனமும் இதிலேயே அடங்கியுள்ளது. உறுப்பினர் செலுத்தும் தவணை சங்கத்தின் கணக்கில் சேர்கிறது. சங்கம் அதனை உரிய காலத்தில் இணையத்திற்குச் செலுத்தாமல், பிறருடைய நிலுவையை ஈடுகட்டவோ நிர்வாகச் செலவிற்கோ பயன்படுத்தினால், இணையத்தின் ஏட்டில் அக்கடன் தீராமல் வட்டியுடன் வளர்ந்துகொண்டே இருக்கும். இதனால் கடைசித் தவணை வரை செலுத்தி இரசீதும் வைத்திருக்கும் ஒருவர் தமது பத்திரத்தைத் திரும்பப் பெற இயலாத நிலை தமிழ்நாட்டில் பல சங்கங்களில் ஏற்பட்டது. பத்திரமின்றி வீட்டை விற்கவோ, பிள்ளைகளின் கல்விக்காக ஈடு வைக்கவோ, பாகம் பிரிக்கவோ எளிதில் முடியாது. அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யும் சலுகைகளை அரசு பலமுறை அறிவித்துள்ளது. எனினும் இச்சலுகைகள் பெரும்பாலும் தவணை தவறியவரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. முழுவதும் செலுத்தியும் சிக்கிக்கொண்டவரின் நிலை அதனின் வேறானது.

1990களுக்குப் பின் வணிக வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் நேரடியாகக் கடன் வழங்கத் தொடங்கியதால், சங்கங்களின் கடன் பணி பெரிதும் குறைந்தது. பல சங்கங்களில் பழைய கடனை வசூலிப்பதே முதன்மை வேலையாயிற்று.

நிர்வாகமும் பயிற்சியும்

சங்கத்தை நடத்துபவர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவினர். அன்றாடப் பணியைச் சங்கச் செயலாளர் கவனிப்பார். குழுவினரில் பெரும்பாலோர் கணக்கு, அடமானச் சட்டம், கட்டடப் பராமரிப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆகவே மாதிரித் துணை விதிகளை வகுத்தல், பயிற்சி அளித்தல், சங்கங்களின் சார்பில் அரசுடனும் நிதி நிறுவனங்களுடனும் பேசுதல் ஆகியவை இணையங்களின் கடமைகளாகக் கருதப்படுகின்றன. தேசிய இணையம் கடன் வழங்குவதை விட இப்பணிகளிலேயே கவனம் செலுத்துகிறது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிற்சியை 1914 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியம் தனது கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் வழியாக அளித்து வருகிறது. அப்பயிற்சி எல்லா வகைச் சங்கங்களுக்கும் பொதுவானது.

தமிழ்நாட்டில் நிர்வாகக் குழுக்கள் தொடர்ச்சியாக இருந்ததும் இல்லை. 1976 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. 2013, 2018 ஆம் ஆண்டுகளில் தேர்தல்கள் நடைபெற்றன. 2011 ஆம் ஆண்டின் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் குழுக்களின் பதவிக்காலத்தையும் உரிய காலத் தேர்தலையும் உறுதி செய்ய முயன்றது. ஆனால் கூட்டுறவு மாநிலப் பட்டியலைச் சார்ந்தது என்பதால், மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தம் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது.

பிற இடங்களில்

மகாராட்டிரத்தில் சங்கத்தின் தன்மை வேறு. மும்பையின் அடுக்கு மாடிகளில் நிலமும் கட்டடமும் சங்கத்திற்கே உரியவை. உறுப்பினர் பங்குச் சான்றிதழ் வழியே குடியிருப்பு உரிமை பெறுகிறார். எனவே கடன் தீர்ந்த பின்னும் சங்கம் தண்ணீர், மின்தூக்கி, சொத்து வரி, பழுதுபார்ப்பு நிதி ஆகியவற்றை நிர்வகித்துக்கொண்டே இருக்கும். அங்குள்ள இணையங்கள் பெரும்பாலும் இவை பற்றியே வழிகாட்டுகின்றன. வீட்டுவசதிச் சங்கங்களுக்கெனத் தனி அத்தியாயம் ஒன்றும் 2019 இல் அம்மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

பிரித்தானியாவில் மேலாளரே இயக்கத்தின் மையம். 1865 இல் ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணி, ஜான் ரஸ்கின் இலண்டனில் வாங்கிய பழைய வீடுகளை ஏற்று, வாரந்தோறும் வாடகை வசூலிக்கச் செல்லும்போதே பழுதுகளையும் கவனிக்கும் முறையைப் புகுத்தினார். அவர் வழியில் பயின்ற பெண் மேலாளர்கள் 1916 இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1931 இல் தோன்றிய மற்றொரு மேலாளர் அமைப்புடன் அது 1965 இல் இணைந்தது. இன்று தேர்வும் சான்றிதழும் வழங்கும் பட்டய வீட்டுவசதி நிறுவனம் இவ்வாறு உருவானதே. இந்தியாவில் இதற்கு நிகரான தொழில்முறைப் பட்டயம் வேரூன்றவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகள்

தமிழ்நாட்டில் தனி வீட்டின் இடத்தை அடுக்குமாடி பிடித்த பின்னர், பராமரிப்புப் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு நகர்ந்தது. 1994 ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திற்குப் பதிலாக 2022 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஏழைகளுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் இச்சிக்கல் கூடுதலாக உள்ளது. மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுதானால் அதற்குரிய தொகையைத் தினக்கூலி பெறுவோரிடம் திரட்ட வேண்டியிருக்கும். 1970 இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்ற 2021 ஆம் ஆண்டிலேயே, 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இதன்படி குடியிருப்போர் சங்கம் பதிவு செய்யப்பட்டு, அது திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையான தொகையை அரசும் வழங்கும்.